அப்பா பெயரில் உள்ள வீட்டுக்குப் பல வருடமாக வரி கட்டவில்லை. வீட்டை ஏலம் விட்டுவிடுவார்களா? எப்படிச் சரிசெய்வது?

கேள்வியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: உங்களுக்கும் கூடப் பிறந்தவர்கள் இருப்பார்கள், இன்னொருவர் கட்டியிருப்பார் என்று ஆளாளுக்கு இருந்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. நான் வக்கீல் இல்லை. கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கும் அப்பா வீட்டின் ஏழு வருட பாக்கியை அடைத்தவள், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். எடுத்த எடுப்பில் ஏலம் வராது. பாக்கியைக் கட்டச் சொல்லிக் கேட்பு அறிவிப்பு வரும், அப்புறம் குடிநீர் இணைப்பைத் துண்டிப்பது, அசையும் பொருள்களை ஜப்தி செய்வது, வழக்கு என்று போகும். அதற்காக அசட்டையாகவும் இருக்காதீர்கள். வீட்டு வரி அந்தச் சொத்தின் மேலேயே நிற்கிற கடன். நிலவரி நீங்கலாக மற்றக் கடன்களுக்கெல்லாம் முந்தி நிற்பது அது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம். பத்திரப் பதிவில் ஏறியவைதான் அதில் வரும், வரி பாக்கி வராது.

எங்கள் கதைக்கு வருகிறேன். அப்பா போனபிறகு அம்மாதான் வரி கட்டிக்கொண்டிருந்தார். 2016-இல் முழங்கால் முடியாமல் புதுச்சேரிக்கு என்னோடு வந்துவிட்டார், மூன்று வருடத்தில் அவரும் போய்விட்டார். முன்கட்டில் குடியிருந்தவர்களிடம் தம்பி வாடகை வாங்கிக்கொண்டிருந்தான். வரியைப் பெங்களூரில் இருக்கும் அண்ணன் ஆன்லைனில் கட்டுகிறார் என்று அவன் நினைத்தானாம். வாடகை வாங்குகிறவன் கட்டாமலா இருப்பான் என்று அண்ணன் நினைத்தாராம். 2023 ஆகஸ்டில் கதவில் அறிவிப்பு ஒட்டியிருப்பதாகக் குடியிருந்த பெண்மணி எனக்குத்தான் போன் செய்தார்.

மறுநாளே பஸ் ஏறிப் போனேன். நாள்காட்டிக்குப் பக்கத்தில் அப்பா ரசீதுகளைக் குத்தி வைக்கும் கம்பி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கீழே இருந்தவை ‘தானே’ புயலில் ஓடு பறந்தபோது நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. மேலே கடைசியாக இருந்தது 2016-17 முதல் அரையாண்டு ரசீது, நடுவில் துருப்பிடித்த ஓட்டையோடு. பாக்கி எந்த அரையாண்டில் தொடங்க வேண்டும் என்பதற்கு அதுதான் எனக்கு ஆதாரம்.

உங்களிடமும் ஒரு பழைய ரசீது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அதில் உள்ள வரி விதிப்பு எண்ணை இணையத்தில் போட்டால் எந்த அரையாண்டுக்கு எவ்வளவு நிற்கிறது என்று தெரியும். மொத்தத்தை மட்டும் பார்த்துப் பணத்தை நீட்டிவிடாமல் ஒவ்வொரு அரையாண்டாகப் பாருங்கள். 2018-இல் குடியிருப்புகளுக்கு வரி ஏற்றினார்கள், 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். அந்த இடைப்பட்ட அரையாண்டுகளில் எந்தத் தொகை நிற்கிறது என்று கட்டாயம் பாருங்கள். எங்களுக்குப் பழைய தொகையே இருந்தது. 2022-இல் வந்த உயர்வு நிஜமானது: எங்கள் ஊரில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. எங்கள் வீடு 900 சதுர அடி. அரையாண்டுக்கு 1,240 ரூபாய் இருந்தது 1,860 ஆனது. பழைய வீதத்தில் பதினொரு அரையாண்டு, புதிய வீதத்தில் மூன்று, மொத்தம் 19,220 ரூபாய். குடிநீர்க் கட்டணம் தனிக் கணக்கு, அதையும் கேட்டுவிடுங்கள்.

சீட்டுப் பணம் கையில் இருந்தது, கட்டிவிட்டேன். வந்தது வினை. ‘வரியைக் கட்டி வீட்டைத் தன் பேருக்கு மாற்றப் பார்க்கிறாள்’ என்று சொந்தத்தில் பேச்சு. இங்கேயும் யாராவது அப்படி எழுதுவார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. நூறு வருடம் கட்டினாலும் அதனால் மட்டும் வீடு ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது. எனக்கு அப்படி ஒரு தந்திரமும் தேவையில்லை. அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, உயில் எழுதவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. இது தெரிந்தும் அண்ணன் பாகப் பத்திர வரைவை என் பெயரை விட்டுவிட்டுத் தயாரித்திருந்தார். அவர் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சுப் போட நான் வேண்டும். அவர் மகளுக்குச் சடங்கு என்றால் அத்தை சீரோடு நான் முதல் ஆளாக நிற்க வேண்டும். பத்திரம் என்று வந்தால் மட்டும் நான் கட்டிக்கொடுத்த பெண்! கேட்டால் ‘உனக்குத்தான் நகை போட்டோமே’ என்கிறார்கள். அந்த நகையில் பாதி, அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அடகுக் கடைக்குப் போனது அவர்களுக்கும் தெரியும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாக்கியை அடைத்தபிறகு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து, வரி விதிப்பில் வாரிசுகள் எல்லார் பெயரையும் ஏற்றக் கேளுங்கள். ஒருவர் பெயரில் மட்டும் போட வேண்டாம். பட்டா மாற்றம் வேறு, அது தாலுகா அலுவலக வேலை. ஒன்று முடிந்தால் மற்றது தானாக மாறாது. விற்கிற எண்ணம் இருந்தால், விற்கும் நாள் வரைக்கும் உள்ள வரி, வேறு ஏற்பாடு செய்துகொள்ளாதவரை, விற்பவர் பொறுப்பு. அதனால் விலை பேசுவதற்கு முன்பே அடைத்துவிடுங்கள். அப்புறம் ஏப்ரல் 30, அக்டோபர் 30 இரண்டு தேதிகளையும் குறித்து வையுங்கள். அரையாண்டின் முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு.

தம்பி போன மாதம் தன் பங்குக்கு 6,400 அனுப்பினான். ‘மன்னிச்சுக்கோ அக்கா’ என்று ஒரு வரியும் எழுதியிருந்தான். அண்ணனிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை.