மூளைச் செல்லை அளந்து தருகிறேன் என்று ஒருவர் காசு கேட்கிறார்

கேள்வி: அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து மூன்று வாரம் ஆகிறது. அப்போதே எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. இப்போது தெரிந்தவர் ஒருவர், "செல்லின் பருமனை அளக்கும் ஸ்பெஷல் ஸ்கேன் இருக்கிறது, எத்தனை செல் பிழைத்தது என்று தெரிந்துவிடும், கைக்காசு கட்டினால் நாளைக்கே எடுக்கலாம்" என்கிறார். எடுக்கட்டுமா? (வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்)

வேண்டாம். காசைப் பிசியோதெரபிக்கு வையுங்கள்.

ஸ்கேன் படத்தின் ஒரு புள்ளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அதற்குள் பல்லாயிரம் செல்கள். எந்த மெஷினும் அவற்றை எண்ணுவதில்லை. இந்த மாதிரி ஸ்கேன் பார்ப்பது தண்ணீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்பதை. மூளையில் ஐந்தில் ஒரு பங்கு செல்களுக்கு நடுவிலுள்ள இடுக்கு. ரத்தம் நின்றால் செல் தண்ணீரை இழுத்து உப்பும். உளுந்தை ஊறப்போட்டால் மணி பருத்து இடுக்கு அடைபடுமே, அந்த மாதிரி. தண்ணீரின் நகர்வு குறையும், அந்த நகர்வை ஸ்கேன் காட்டும் எண் இறங்கும். 1990-இல் பூனை மூளையில் இதைப் பார்த்தார்கள். இன்று ஸ்ட்ரோக்கைச் சீக்கிரம் பிடிப்பது இதை வைத்துத்தான். ஆக, செல் வீங்கியது என்பது நாம் ஊகிப்பது. தண்ணீரில் செல்லுக்குள் எத்தனை பங்கு என்று கணக்குப் போடும் முறைகள் ஆராய்ச்சியில் உண்டு. உங்கள் அப்பா ஒருவருக்கு அவை எதையும் முடிவு செய்யாது.

இப்போது கவனமாகக் கேளுங்கள். இறங்கிய எண் இறங்கியே இருக்காது. ஒரு வாரம், பத்து நாளில் ஏறி, நல்ல மூளையின் எண்ணுக்கே வந்துவிடும். குணமாகியா? இல்லை. செத்த செல்லின் சுவர் உடைந்து தண்ணீருக்கு வழி கிடைத்துவிட்டது. அப்புறம் அதற்கும் மேலே போகும். மூன்றாம் வாரத்தில் எடுத்தால் எண் நார்மலாகவோ கூடுதலாகவோ இருக்கும். இரண்டையும் நல்ல சேதி என்று விற்கலாம். போன மாதம் ஒரு குடும்பம் பச்சை நிறம் பூசிய தாளோடு வந்தது. "பச்சை என்றால் பிழைத்தது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதே இடத்தில் முதல் படம் செத்த திசுவைக் காட்டியது.

ரிப்போர்ட்டில் 'வால்யூம்' என்று வந்தாலும் ஏமாறாதீர்கள். அது மூளைப் பகுதியின் பருமன், செல்லுடையது அல்ல.

அரசு ஆஸ்பத்திரி என்றால் காத்திருப்பு. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) என்றால் அனுமதி எண்ணுக்குப் போனில் இழுத்தடிப்பு. இந்தச் சந்தில்தான் தரகர் கடை விரிக்கிறார். எழுதிக் கொடுத்த டாக்டர் யார் என்று அவரிடம் கேளுங்கள். முதல் ஸ்கேனின் சிடியை, ஃபிலிமை அல்ல, சிடியை வாங்கி நியூராலஜிஸ்டிடம் காட்டுங்கள்.