கேளுங்கள், சொல்கிறோம்: மகளுக்கு வயது 16, முழுகாமல் இருக்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு 16 வயசு. போன தையில் என் அண்ணன் மகனுக்கே கட்டிக்கொடுத்தோம். இப்போது முழுகாமல் இருக்கிறாள், நாலு மாசம். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்கிறார்கள். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுவிடலாம் என்கிறாள் நாத்தனார். என்ன செய்ய?
(பெயர் வேண்டாம், உசிலம்பட்டி பக்கம்)

பதில்: அம்மா, அந்த மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் சாப்பிடக்கூடிய கருக்கலைப்பு மாத்திரை 9 வாரம் வரைக்கும்தான், அதுவும் மருத்துவர் பார்த்துத் தந்தால். நாலு மாதத்தில் போட்டால் கரு பாதியில் நின்று ரத்தம் கொட்டும், உள்ளே சீழ் பிடிக்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால், ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனைந்து அடுத்த மணி நேரமும் அப்படியே போனாலோ, காய்ச்சல், மயக்கம், கெட்ட வாடை இருந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன மாத்திரை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து ஸ்கேன். வாரக் கணக்கு கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து தொடங்கும். நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து வீட்டில் எண்ணியிருந்தால் சுமார் நாலு வாரம் குறைவாக எண்ணியிருப்பீர்கள். கலைப்பதாக இருந்தால் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். 20 முதல் 24 வாரம் வரை இருவர் ஒப்புதல் வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களுக்குக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் அந்த இடத்தைத் தருகிறது. பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் முடிவு உங்கள் மகளுடையது. அவளைத் தனியே வைத்துக் கேட்கும்படி மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

போலீஸ் விஷயத்தில் பூசி மெழுக முடியாது. தாலி கட்டியிருந்தாலும் 18 நிரம்பாத பெண் என்றால் போக்சோ சட்டப்படி (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) மருத்துவர் தகவல் தந்தாக வேண்டும். மாப்பிள்ளை மீது வழக்கு வரலாம், திருமணம் செய்துவைத்தவர்கள் மீதும் வரலாம். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பெற்றவரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் பெயர், விவரம் தர வேண்டியதில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கு எதுவானாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வக்கீல் இலவசம், வருமானம் பார்ப்பதில்லை. வழக்குக்குப் பயந்து மகளை ஒளித்துவைத்தால் வழக்கு போகாது, வாரங்கள்தான் போகும்.

பெற்றுக்கொள்வது என்று அவள் முடிவெடுத்தால், இந்த வாரமே கிராம சுகாதார செவிலியரிடம் பதியுங்கள். 16 வயதில் உடம்பே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். தாயும் பிள்ளையும் ஒரே சோற்றுக்குப் போட்டி போடுகிற நிலைமை அது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, 180 நாள்; எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள், டீ, காப்பியோடு வேண்டாம். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காமல் வேறு வேளையில் கொடுங்கள், சேர்த்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது. இந்த வயதில் ரத்த அழுத்தம் ஏறி ஜன்னி வரும் ஆபத்து கூடுதல். 140/90-ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இடுப்பெலும்பு முழுதாக விரியாததால் பிள்ளை சிக்கிக்கொள்ளலாம், 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளையாகவும் பிறக்கலாம். அதனால் ஆபரேஷனும் ரத்தமும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் உள்ள இடத்தில்தான் பிரசவம், மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போல.

கேள்வி: பேத்திக்கு 17. நல்ல இடம் வந்திருக்கு. கல்யாணத்தை முடிச்சிட்டு, பிள்ளைய ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டா ஆகாதா?
(மேலூர் வாசகர்)

பதில்: ஆகாதுங்க ஐயா. மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று ஊரே கேட்கத் தொடங்கும். தள்ளிப்போடச் சொல்ல 17 வயதுப் பிள்ளைக்கு அந்த வீட்டில் வாய் இருக்காது. சட்டப்படியும் குற்றம்: இரண்டு ஆண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரை போகும். உண்மையிலேயே நல்ல இடமென்றால் ஓராண்டு காத்திருப்பார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளை கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், அதை முதலில் விசாரியுங்கள். வீட்டில் உங்கள் பேச்சு எடுபடாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போதும், உங்கள் பெயர் வெளியே வராது.

கேள்வி: நாலு மாதம் வரை பிள்ளைகளுக்கே தெரியாமல் போவது எப்படி?
(திருமங்கலம் ஆசிரியை)

பதில்: நடக்கிறது, டீச்சர். வயதுக்கு வந்த முதல் ஓரிரு ஆண்டுகள் பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது. 40 நாள், 60 நாள் தள்ளுவது பழகிப்போனதால் இதையும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதே காரணத்தால் நாள் எண்ணித் தப்பிக்கலாம் என்கிற கணக்கும் பொய்க்கும். முதல் தடவையிலேயே கரு தங்கலாம் என்பதும் தெரிவதில்லை. வகுப்பில் இதைச் சொல்லுங்கள். தீட்டு வந்த தேதியைக் காலண்டரில் வட்டமிடச் சொல்லுங்கள். நெருங்கிப் பழகியது உண்டென்றால், நாள் ஒரு வாரம் தள்ளியதுமே காலை முதல் சிறுநீரில் பரிசோதிக்க வேண்டும். அட்டை மருந்துக் கடையிலும் கிடைக்கும், கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்கலாம்.