பாலிடெக்னிக்குக்கு மாற்றும் முன் ‘பாலி’யைப் பாருங்கள்

வணக்கம் ஐயா,

மகள் பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டரிலேயே விடுதியிலிருந்து அழுதுகொண்டு வந்துவிட்டாள், புத்தகத்தில் ஒரு வரியும் புரியவில்லை என்கிறாள், பேசாமல் பாலிடெக்னிக்கில் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாலிடெக்னிக் ஒன்றும் குறைந்த படிப்பு இல்லை. ப்ளஸ் டூவில் உரிய பாடங்கள் இருந்தால் நேரடியாக இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். டிப்ளமோ முடித்தபின் பி.இ.க்கும் போகலாம். ஆனால் ஆங்கிலத்துக்குப் பயந்து அங்கே போவதில் அர்த்தமில்லை. அங்கேயும் பெரும்பாலும் ஆங்கிலம்தான்.

உங்கள் மகளிடம் போனில் பேசினேன். எங்கே மாட்டினாய் என்று கேட்டதற்கு, சர்க்கரை நோய்ப் பாடத்தில் வரும் மூன்று வார்த்தைகளைச் சொன்னாள். பாலியூரியா, பாலிடிப்சியா, பாலிஃபேஜியா. ஒவ்வொன்றையும் பத்து தடவை எழுதிப் பார்த்தாளாம். எழுதி முடித்ததும் எது எதுவென்றே தெரியவில்லையாம். தெரியாதுதான், மூன்றும் ஒரே மாதிரி தொடங்குகின்றன.

‘பாலி’ கிரேக்கச் சொல். பல, நிறைய என்று பொருள். யூரியா என்ற பகுதி சிறுநீரைக் குறிக்கிறது (வயலுக்குப் போடும் யூரியாவுக்கும் அதே வேர்தான்). டிப்சா என்றால் தாகம், ஃபேஜியா என்றால் உண்பது. ஆக நிறையச் சிறுநீர், நிறையத் தாகம், நிறையப் பசி. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அது சிறுநீரில் இறங்குகிறது, போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் தாகம். செல்லுக்குள் சர்க்கரை போய்ச் சேராததால் பசி. இவ்வளவு சொன்னதும், “எங்க ஆயாவுக்கு இப்படித்தான் இருந்துச்சு சார்” என்றாள். பாடம் அங்கேயே முடிந்துவிட்டது.

தமிழ் வழியில் படித்தது அவளுக்குக் குறை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல்லுறுப்புக் கோவை, பலகோணம், பலபடி எல்லாம் அவள் பள்ளியிலேயே படித்தவை. ஆங்கிலத்தில் அவை பாலினாமியல், பாலிகன், பாலிமர். தமிழில் ‘பல’ செய்யும் அதே வேலையைத்தான் அங்கே ‘பாலி’ செய்கிறது. உங்கள் தறியில் ஓடும் பாலியஸ்டர் நூலும் அப்படித்தான், எஸ்டர் எனும் வேதி இணைப்புகள் பல சங்கிலியாகக் கோத்தது. பாலிடெக்னிக்கும் பல தொழில்நுட்பம்தான்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். தமிழில் எழுதினால் இன்சூரன்ஸ் பாலிசியும் செருப்புக்குப் போடும் பாலிஷும் ‘பாலி’யில்தான் தொடங்குகின்றன. அவற்றுக்கும் ‘பல’வுக்கும் சம்பந்தமில்லை. ஆங்கில எழுத்தில் எல்-க்கு அடுத்து ஒய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாலிசி, பாலிஷ், போலீஸ், போலியோ எதிலும் அந்த இடத்தில் ஒய் வராது. போலியோ வேறு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, சாம்பல் நிறம் என்று பொருள். தண்டுவடத்தின் சாம்பல் நிறப் பகுதியைத் தாக்கும் நோய் என்பதால் அந்தப் பெயர்.

அப்புறம், ‘பல’வுக்கு லத்தீனில் ‘மல்டி’. பிரசவ வார்டுக்குப் போனால் மல்டிகிராவிடா (பல முறை கருவுற்றவர்), மல்டிபாரா (பல முறை பிரசவித்தவர்) என்று அதுதான் காதில் விழும். ‘பாலி’க்கு எதிராக ‘ஒலிகோ’, அதாவது கொஞ்சம். சிறுநீர் குறைந்தால் ஒலிகூரியா.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வார்த்தையை முழுதாக எழுத வேண்டாம், துண்டு துண்டாக எழுதட்டும். இடப்பக்கம் துண்டு, வலப்பக்கம் தமிழ்ப் பொருள், கீழே அவள் பார்த்த நோயாளியோ வீட்டு ஆளோ ஒருவர். ஒரு நாளைக்கு மூன்று துண்டுக்கு மேல் வேண்டாம். இங்கிலீஷ் பேசும் வகுப்பில் பணம் கட்டிச் சேர்க்கும் யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவளுடைய சிக்கல் பேச்சில் இல்லை.

டி.சி. கேட்டு இப்போதே கல்லூரிக்குப் போக வேண்டாம், முதல் இன்டர்னல் தேர்வு முடியட்டும். அவளிடம் ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறேன், பாலிசைதீமியா. ‘சைட்டோ’ என்றால் செல் என்பது வரை சொல்லிவிட்டேன். மீதிக்கு, அனீமியா என்ற வார்த்தையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளையே எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள்.