காட்டுக்கீரை, காளான், கொட்டைகளில் உண்மையிலேயே சத்து அதிகமா?

எல்லாவற்றிலும் அதிகம் என்று சொல்ல முடியாது, ஆனால் சிலவற்றில் நிச்சயம் உண்டு. தரையோடு படரும் பருப்புக்கீரையையே எடுத்துக்கொள்ளுங்கள்: சிவந்த தண்டு, தடித்த குட்டி இலை, மென்றால் லேசான புளிப்பு. களை என்று பிடுங்கி எறியும் இதில், கீரைகளில் அபூர்வமான ஒமேகா-3 கொழுப்பு நன்றாகவே இருக்கிறது. சிறுநீரகத்தில் கல் உருவாகத் துணைபோகும் ஆக்சலேட் என்ற பொருளும் இதில் அதிகம் என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் அளவாகச் சாப்பிடுங்கள்.

கொட்டைகளில் வால்நட் 30 கிராம் எடுத்தால் ஏறக்குறைய 2.5 கிராம் ஒமேகா-3 கிடைக்கும்.

அப்புறம் காளான். வெயில் பட்டால் அதிலுள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருள் வைட்டமின் டி2 ஆக மாறும், நல்ல விஷயம்தான். ஆனால் அடையாளம் உறுதியாகத் தெரியாத காட்டுக்காளானைத் தயவுசெய்து தொடாதீர்கள். சில காட்டுக்காளான்களில் இருக்கும் அமாடாக்சின் என்ற விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது, வாந்தி தொடங்கவே பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் விஷம் கல்லீரலைத் தாக்கத் தொடங்கியிருக்கும்.