மேடை நாடகங்களுக்கும் சினிமா போல ‘யு’, ‘ஏ’ சான்று தேவையா?

சான்று தேவையில்லை. ஆனால் டிக்கெட் வாங்குகிறவருக்கு மேடையில் என்ன வரப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இதில் நான் இவ்வளவு உறுதியாக இருப்பதற்கு என் மகள்தான் காரணம்.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பாட்டியோடு மயிலாப்பூர், தி.நகர் சபாக்களுக்குப் போய்ப் பழகியவள். சபாவில் குடும்பத்தோடு போய் உட்கார்ந்துவிடுவோம். என்ன நாடகம் என்றுகூடப் பல நாள் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்திலேயே ஒரு சின்ன அரங்குக்கும் அவளை அழைத்துப் போனேன். ஐம்பது பேர் தரையிலும் ஸ்டூலிலுமாக உட்காரும் இடம். போஸ்டரில் தலைப்பு, நேரம், கட்டணம், அவ்வளவுதான் இருந்தது.

பாதி நாடகத்தில், கணவனாக நடித்தவர் பெல்ட்டைக் கழற்றி மனைவியை அடிக்க ஆரம்பித்தார். அடி விழுந்தது தரையில்தான். ஆனால் நாங்கள் நாலடி தூரத்தில் இருந்தோம். பக்கிள் சிமெண்டுத் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் மகளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. “அப்பா, வெளிய போலாம்பா” என்றாள். வெளியே போகும் கதவு அந்த நடிகருக்குப் பின்னால் இருந்தது. சினிமாவில் பாதியில் எழுந்தால் பக்கத்து சீட்காரருக்கு மட்டும்தான் தெரியும். இங்கே நடிப்புக்குக் குறுக்கே நடந்து போக வேண்டும். எனக்குத் துணிவு வரவில்லை. அவள் கண்ணைப் பொத்தினேன். சத்தத்தை எப்படி நிறுத்துவது? பல நாள் விளக்கை அணைக்கவிடாமல்தான் தூங்கினாள்.

அந்த நாடகத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நல்ல நாடகம், பேசவேண்டிய விஷயம். ஒரே ஒரு வரி முன்பே சொல்லியிருந்தால் நான் தனியாகப் போயிருப்பேன்.

அப்படியானால் சினிமாவுக்கு இருப்பது போல ஒரு வாரியம் வைத்துவிடலாமே என்று கேட்கலாம். நாடகக்காரர்களுக்கு அந்தப் பேச்சே ஏன் கசக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1876இல் வெள்ளைக்கார அரசு நாடகங்களைத் தடுக்கவே ஒரு சட்டம் போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1954இல், இங்கேயே இன்னொரு சட்டம் வந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனதில் வைத்துத்தான் அதைக் கொண்டுவந்தார்கள் என்பார்கள். அதன்பின் நாடகம் போட வேண்டுமானால் பிரதியைப் போலீசிடம் கொடுத்து அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும் என்பது வழக்கமாகிப்போனது. ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குப் போட்டு, 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. அவ்வளவு பாடுபட்டுத் திறந்த கதவை வயதுச் சான்று என்ற பெயரில் மறுபடி மூடக் கூடாது.

நடைமுறையிலும் அது ஒத்துவராது. படத்தைப் பார்த்து ‘யுஏ 13’ என்றோ ‘16’ என்றோ முத்திரை குத்தினால், எந்த ஊரில் ஓடினாலும் அதே படம்தான். நாடகம் அப்படியில்லை. வெள்ளிக்கிழமை கன்னத்தில் அறைந்தவர் சனிக்கிழமை கையை ஓங்கியதோடு நிறுத்திக்கொள்வார். ஒரு குழு மொத்தமாக இரண்டு மூன்று காட்சிகள்தான் போடும். சான்றுக்கு அலைவதற்குள் ஹால் வாடகைக்குக் கொடுத்த அட்வான்ஸ் போய்விடும்.

முன்பே சொன்னால் காட்சியின் தாக்கம் போய்விடும் என்று சில இயக்குநர்கள் சொல்கிறார்கள். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் அப்பாவின் ஊர் வந்தவாசிப் பக்கம். திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும், ராத்திரி அதே கதை கூத்தாக வரும். கட்டியங்காரன் வேறு வந்து, அடுத்து யார் வருகிறார் என்று சொல்லிவிடுவான். பாஞ்சாலியின் துகிலை உரியப்போகிறார்கள் என்று பாயில் தூங்கி வழியும் பிள்ளைக்கும் தெரியும். துச்சாதனன் சேலையில் கை வைக்கும்போது பெண்கள் அழுவது அதனால் குறைந்ததா? பார்க்க மனமில்லாதவர்கள் அந்த நேரம் டீக்கடைப் பக்கம் போய்விட்டு வருவார்கள்.

இப்போது நான் ஒரு அமெச்சூர் குழுவில் டிக்கெட் மேசையில் உட்காருகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பும் போஸ்டரின் கீழேயே எழுதிவிடுகிறோம்: “தற்கொலையைப் பற்றிய காட்சி உண்டு. துப்பாக்கிச் சத்தம் இரண்டு முறை. விட்டுவிட்டு மின்னும் விளக்கு உண்டு.” வலிப்பு வருகிறவர்களுக்கு அந்த விளக்கே ஆபத்து, வயது என்னவாக இருந்தாலும்.

போன முறை ஒரு அம்மா டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி, “அந்தக் காட்சி எப்பங்க வரும்?” என்று கேட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. “ரேடியோவுல பாட்டு ஆரம்பிச்சதும் வரும்மா, ஆறு நிமிஷம்தான்” என்றேன். கதவோரமாக ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தோம். ரேடியோ பாடத் தொடங்கியதும் மெதுவாக எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். முடிந்ததும் சைகை காட்டினேன். உள்ளே போய் மீதி நாடகத்தை உட்கார்ந்து பார்த்தார்.