புனைபெயரில் எழுதுவது பொய்யாகுமா?

கேள்வி: பிறையில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆறு ஆண்டுகளாக முகநூலில் புனைபெயர் ஒன்றில், சம்பளச் சீட்டு, ஓவர்டைம் கணக்கு, ஊழியர் சேம நிதி, சொக்சோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் ஆகியவை பற்றித் தமிழில் எழுதி வருகிறேன். இப்போது யாரோ அதே பெயரில், அதே படத்தோடு கணக்குத் திறந்து, சொக்சோ பணம் வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கிறார்கள். "சொந்தப் பெயரைப் போட்டிருந்தால் இந்த வம்பு வந்திருக்காது, பெயரை மறைப்பதே பொய்தானே" என்கிறார் அண்ணன். தொழிலாளர்கள் தங்கள் சம்பளச் சீட்டுகளைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) எனக்கு அனுப்புகிறார்கள். அது பாதுகாப்பானதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பினாங்கு

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் அண்ணன் அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மொட்டைக் கடிதம் எழுதுபவர் தம் சொல்லுக்குப் பொறுப்பேற்பதில்லை. நீங்களோ ஆறு ஆண்டுகளாக ஒரே பெயரில் எழுதுகிறீர்கள். நீங்கள் சொன்ன ஓவர்டைம் கணக்கு ஒன்று பிசகினால், மறுநாள் அந்தப் பெயரைத்தான் கேள்வி கேட்பார்கள்.

அப்படிச் சேர்ந்த நற்பெயருக்கு ரொக்க மதிப்பே உண்டு. ஈபே ஏலத்தளத்தில் பழைய அஞ்சலட்டைகளை விற்று வந்த ஒருவர், ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஒரே வகைச் சரக்கை நெடுநாளாக நற்பெயர் பெற்றிருந்த தம் கணக்கிலும் புதிதாகத் திறந்த கணக்குகளிலும் விற்றுப் பார்த்தார். 2006இல் வெளியான அந்த ஆய்வின்படி, பழைய கணக்கிற்கு வாங்குவோர் 8.1 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க முன்வந்தார்கள். விற்றவர் ஒரே ஆள்தான். மாறியது கணக்கின் வரலாறு மட்டுமே.

உங்களைப் போல வேடமிடுபவரும் அந்த வரலாற்றைத்தான் திருடப் பார்க்கிறார். சொந்தப் பெயர் போட்டிருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது. பிரபலங்களின் சொந்தப் பெயரிலும் படத்திலும்தானே போலிக் கணக்குகள் முளைக்கின்றன? பெயரையும் படத்தையும் நகலெடுக்கலாம், ஆறு ஆண்டுப் பதிவுகளையும் அவற்றின் கீழ் நடந்த உரையாடல்களையும் நகலெடுக்க முடியாது. ஆகவே பழைய கணக்கிலிருந்தே, "என் கணக்கு இது ஒன்றுதான், நான் யாரிடமும் பணம் கேட்பதில்லை, சொக்சோ உதவிக்குத் தொழிலாளர் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம்" என்று எழுதி, அப்பதிவைப் பக்கத்தின் உச்சியில் நிலைநிறுத்துங்கள். போலிக் கணக்கைப் பற்றி முகநூலுக்குப் புகார் செய்யும்படி பழைய வாசகர்களைக் கேளுங்கள். யாராவது ஏற்கெனவே பணம் போட்டிருந்தால், ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணை அழைத்து, காவல் நிலையத்திலும் புகார் செய்யச் சொல்லுங்கள். 1991இல் பில் சிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி போன்ற மென்பொருள்களால், முகத்தைக் காட்டாமலே "இதை எழுதியது நான்தான்" என்று மின்கையொப்பமிட்டு மெய்ப்பிக்கலாம். ஆனால் இரவுப் பணி முடிந்து கைத்தொலைபேசியைத் திறக்கும் தொழிலாளரிடம் அதைச் சரிபார்க்கச் சொல்வது நடக்கிற காரியமல்ல.

சட்டத்தைப் பொறுத்தவரை புனைபெயரைக் கேடயமாக எண்ண வேண்டாம். 2012இல் நம் மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு, தம் பெயரோ படமோ புனைபெயரோ உரிமையாளர் என்றோ ஆசிரியர் என்றோ ஒரு வெளியீட்டில் காணப்படுபவரே அதை வெளியிட்டவர் என்று அனுமானிக்கிறது. இல்லை என்று நிறுவும் சுமை அவர்மீதே விழுகிறது. போலிக் கணக்கை முதல்முறை பார்த்த தேதியையும் அதன் திரைப்பிடிப்புகளையும் (ஸ்கிரீன்ஷாட்) சேமித்து வைத்து, நீங்களும் காவல் நிலையத்தில் ஒரு புகார் பதிந்துவிடுங்கள்.

இனி, என்னை உண்மையிலேயே கவலைப்பட வைப்பது சம்பளச் சீட்டுகள்தான். புலனத்தின் செய்திகள் 2016 முதல் முனைக்கு முனை மறையாக்கம் பெற்றவை, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதவை என்பது உண்மையே. ஆனால் இணையத்தில் உள்ள மேகச் சேமிப்பில் (கிளவுட்) எடுக்கப்படும் நகலுக்கு அந்தப் பூட்டு தானாக விழுவதில்லை, அமைப்புகளுக்குள் சென்று நாமே போட வேண்டும். டெலிகிராமின் வழக்கமான உரையாடல்களில் அப்படிப்பட்ட மறையாக்கமே கிடையாது, அதன் இரகசிய உரையாடலில் மட்டுமே உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது உங்கள் எண். மலேசியாவில் சிம் அட்டை மைகார்டு என்னும் அடையாள அட்டையோடு பதிவாகிறது. அந்த எண்ணைத் தொழிலாளர்களிடம் கொடுத்த கணத்திலேயே புனைபெயருக்கும் உங்களுக்கும் இடையே ஒரு கயிறு கட்டப்பட்டுவிடுகிறது. சிக்னல் செயலியில் பதிவு செய்ய எண் தேவை என்றாலும், 2024 முதல் எண்ணைக் காட்டாமல் பயனர்பெயர் வழியாகவே பேச முடிகிறது. சீட்டு அனுப்புவோரை அங்கே வரச் சொல்லுங்கள், செய்திகள் தாமாக மறையும் வசதியையும் இயக்கி வையுங்கள்.

உதாரணத்திற்காக நீங்கள் சீட்டுகளை வெளியிடுவதுண்டு என்றால், கைத்தொலைபேசியின் ஹைலைட்டர் கருவியால் பெயரை மறைக்காதீர்கள். அதன் மை அரைகுறையாக ஒளி புகுவது. எத்தனை முறை தேய்த்தாலும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடையாள அட்டை எண் அப்படியே தெரிந்துவிடக்கூடும். அந்தப் பகுதியை வெட்டி நீக்கிவிடுங்கள். அதைவிட நல்லது, எண்களை மாற்றி நீங்களே ஒரு மாதிரிச் சீட்டைத் தயாரித்துவிடுவது. உங்கள் அலுவலகத்தில் மட்டும் நடக்கும் படித்தொகை (அலவன்ஸ்) மாற்றம், ஷிப்ட் மாற்றம் போன்றவற்றையும் எழுத வேண்டாம். அவற்றை அறிந்தவர்கள் சிலரே என்பதால், எழுதியவர் யாரென்று உடன் வேலை செய்பவர்கள் கணித்துவிடுவார்கள்.

அண்ணனுக்கு உண்மை தெரிந்திருப்பது நல்லதே. உங்களுக்கு உடல்நலம் குன்றினால் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். கடவுச்சொல்லை மீட்கும் வழியை அவரிடம் சொல்லி வையுங்கள்.