பக்கத்து வயலில் விழும் தட்டு

தம்பி, கிளிநொச்சியில் பெரியப்பாவின் காணியில் கூடை நட்டு, தட்டை எறிந்து அதில் விழுத்தும் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறோம், தட்டு பக்கத்து வயலில் விழுவதால் அந்த வயல்காரர் சண்டைக்கு வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கோபம் நியாயம்தான். கதிர் முற்றும் நேரத்தில் மிதிபட்டுச் சாய்ந்த நெல் எழும்பாது.

எறியும் திசையை மாற்றிப் பாருங்கள். வலக்கைக்காரர் பின்கையாக, அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசி, எறியும் தட்டு, வேகம் குறையும்போது இடப்பக்கம் சரியும். அதனால் அவருடைய வரம்பு எப்போதும் உங்களுக்கு வலப்பக்கம் இருக்கட்டும். இடக்கைக்காரருக்கு இது நேர்மாறு.

அதைவிட நல்லது, மாரிகால நெல்லான காலபோகத்தின் அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கும் பங்குனியில் ஆடுவது. பெரியப்பாவையே கூட்டிக்கொண்டு போய் வயல்காரரிடம் கேளுங்கள்.

அப்புறம், காட்டோரம் கண்ணிவெடி இருப்பதாக எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால், எவ்வளவு விலைத் தட்டானாலும் எடுக்கப் போகாதீர்கள்.